வியாழக்கிழமை வரை பேசக்கூடாது

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில் சொந்தமாக எடுத்த முதல் முடிவு, மனைவி கிளெனிஸிடம் பேசுவதில்லை என்பதுதான். அதற்கு முன்னால் அவர் எடுத்ததாகச் சொல்லப்படும் முடிவுகள் எல்லாம் கிளெனிஸ் எடுத்து, அவர் கையில் கொடுத்து, "இதைத்தானே நீயும் நெனச்சே?" என்று கேட்டவை.

இது கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. சட்டப்படி எடுத்தது. டெஸ்மண்ட் ஓல்டர்பி நகர சபையில் கவுன்சிலர். வெறும் கவுன்சிலர் இல்லை, உரிமக் குழுவின் தலைவர். ஊரில் யார் டாக்ஸி ஓட்டலாம், எந்தக் கடையில் சூதாட்ட மெஷின் வைக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லும் மூன்று பேரில் நடு நாற்காலி அவருடையது. பூங்காக் குழு, சாலைக் குழு என்றால் கவுன்சிலர்கள் முட்டி மோதுவார்கள். உரிமக் குழுவுக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. அங்கே டாக்ஸிக்காரர் முறைப்பார், பாதிரியார் பெருமூச்சு விடுவார், படிக்க வேண்டிய காகிதம் தலையணை உயரத்துக்கு வரும். டெஸ்மண்ட் மட்டும் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும்.

ஏனென்றால் வீட்டில் அது கிடைக்கவில்லை. மூன்று வருஷம் முன்பு வரை கார்பெட் கடை மானேஜராக இருந்தார். பிறகு ஓய்வு பெற்றார். ஓய்வு என்று கடிதத்தில்தான் போட்டிருந்தது. வீட்டில் நாற்காலியில் சாய்ந்தால் ஐந்தாவது நிமிஷம் வாக்குவம் கிளீனர் உறுமிக்கொண்டு வரும். அதன் பின்னால் கிளெனிஸ் வருவாள்.

"உக்காந்துட்டியா?"

"இப்பத்தான், கண்ணு."

"உக்காந்ததுதான் உக்காந்தே, காலைத் தூக்கு."

தூக்குவார்.

"தூக்கினதுதான் தூக்கினே, எந்திரிச்சே நில்லேன். அடியில கூட்டணும்."

நிற்பார்.

"நிக்கிற ஆளு சும்மா எதுக்கு நிக்கணும்? மாடியில பல்பு மாத்தணும், போ."

வெளியே போகலாம் என்றால் ஊரில் இடமே இல்லை. அவர் போய்க்கொண்டிருந்த பப்பை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். டீக்கடை நகத்துக்குச் சாயம் பூசும் கடையாகிவிட்டது. நூலகம் வாரத்துக்கு இரண்டு காலை மட்டும் திறந்தது, அதிலும் ஒன்றில் குழந்தைகள் தாளம் போட்டார்கள். கொஞ்ச நாள் துணி துவைக்கும் நிலையத்தில் போய் உட்கார்ந்தார். கதகதப்பாக இருந்தது, சத்தமும் ஒரே மாதிரி இருந்தது. "உங்க துணி எதுல சார் ஓடுது?" என்று கடைக்காரர் கேட்டபோது ஏதோ ஒரு மெஷினைக் காட்டினார். அடுத்த நிமிஷம் ஒரு பெண்மணி வந்து அதிலிருந்து தன் நைட்டிகளை அள்ளிக்கொண்டு போனாள். அதன் பிறகு டெஸ்மண்ட் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் உரிமக் குழுவினர் அடுத்த ஊரான பிராங்க்லியில் ஒரு சூதாட்ட மெஷின் ஹாலைப் பார்வையிடப் போனார்கள். 'ஜாலி டக்' என்று பெயர், வாசலில் சிரிக்கும் வாத்துப் படம். டெஸ்மண்ட் உள்ளே காலை வைத்தார், கால் புதைந்தது. கார்பெட் எண்பது சதவீதம் கம்பளி. தெருவைப் பார்த்து ஜன்னல் கிடையாது, அதனால் வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது. சுவரில் கடிகாரம் கிடையாது. ஆழமான நாற்காலி. சிரித்த முகத்தோடு ஒரு பெண் வந்து டீ வைத்தாள், இரண்டு பிஸ்கட் வைத்தாள், "சர்க்கரை?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள், போய்விட்டாள். டெஸ்மண்ட் மெஷினில் இரண்டே இரண்டு சில்லறைக் காசு போட்டார். நாற்பது நிமிஷம் அவரை யாரும் எதையும் தூக்கச் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது அந்தக் கட்டடம் மறையும் வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அதே ஜாலி டக் கம்பெனி ஓல்டர்பி சந்தைத் தெருவில், பழைய செருப்புக் கடையை எடுத்து மெஷின் ஹால் திறக்க விண்ணப்பம் போட்டது. வீட்டிலிருந்து நடந்தே பத்து நிமிஷம்! கடைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இருபத்தெட்டு நாளுக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அதிகாரியே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார், விசாரணையே கிடையாது. டெஸ்மண்ட் தினமும் இரண்டு வேளை சந்தைத் தெருவுக்குப் போய், நோட்டீஸை யாராவது படிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார். படிப்பதுபோல் நின்றவர்களிடம் வானிலை பேசித் தள்ளிக்கொண்டு போனார். இருபத்தாறாம் நாள் மெதடிஸ்ட் பாதிரியார் மூன்று பக்கத்துக்கு ஆட்சேபணை எழுதிவிட்டார். விசாரணை வைத்தே ஆக வேண்டும் என்று ஆயிற்று.

வைக்கட்டுமே. நடு நாற்காலி யாருடையது?

அவர் பயந்தது பாதிரியாருக்கு இல்லை. கிளெனிஸுக்குத்தான். கிளெனிஸிடம் இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் உண்மை தானே வெளியே வந்து நின்றுவிடும். அதனால்தான் நோட்டீஸ் ஒட்டிய முதல் நாளே அவர் சட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டார். நகர சபை வக்கீல் நசீம் அக்தர் கவுன்சிலர்களுக்கு எடுத்த பயிற்சி வகுப்பில், தீர்ப்புச் சொல்லப்போகிறவர் மனசு திறந்திருக்க வேண்டும், விசாரணைக்கு முன்னால் அந்த விஷயத்தை யாரிடமும் பேசக்கூடாது, யார் பேசினாலும் காது கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். மற்றவர்கள் தூங்கினார்கள். டெஸ்மண்ட் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். அவர் மனசு திறந்துதான் இருந்தது, சந்தைத் தெருப் பக்கமாக மட்டும்.

மறுநாள் காலை கிளெனிஸ் டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"டெஸ்மண்ட், அந்தப் பழைய செருப்புக் கடை விஷயமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

டெஸ்மண்ட் போக்குவரத்துப் போலீஸ்போலக் கையைத் தூக்கினார். "ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"என்னது?"

"சட்டம். நான் தலைவர். விசாரணை முடியற வரைக்கும் யார் பேச்சும் என் காதுல விழக்கூடாது."

"நான் யாரோவா? உன் பெண்டாட்டி."

"பெண்டாட்டின்னா இன்னும் மோசம். நீ சொன்னா நான் கேட்டுருவேன்னு ஊருக்கே தெரியும்."

கிளெனிஸ் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி" என்றாள்.

முப்பத்தெட்டு வருஷத்தில் கிளெனிஸ் அவ்வளவு சீக்கிரம் 'சரி' சொன்னதில்லை. டெஸ்மண்ட் பயந்திருக்க வேண்டும். அவரோ இன்னொரு டோஸ்ட் எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது தடவை கொல்லையில், குப்பைத் தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பிடித்தாள்.

"டெஸ்மண்ட், நான் சொல்ல வர்றது உனக்குத் தெரிஞ்சே ஆகணும்பா. அப்புறம் என்னைக் குறை சொல்லாதே."

"தெரியவே கூடாது! தெரிஞ்சா என் தீர்ப்பு செல்லாது. நாளைக்குக் கோர்ட்டுல ஏத்திருவாங்க."

"கோர்ட்டா? குப்பைத் தொட்டி பக்கத்துல நின்னு பேசினதுக்கா?"

"தொட்டிக்குக் காது இருக்கோ இல்லையோ, தலைவருக்கு இருக்கு."

"அந்தத் தலைவர் பச்சைத் தொட்டியை வெளிய வெச்சிருக்கார். இன்னிக்கு நீலத் தொட்டி."

தலைவர் தொட்டியை மாற்றி வைத்தார். ஆனால் பேச்சைக் கேட்கவில்லை. அதுவரை வெற்றிதான்.

மூன்றாவது தடவை, பாதிரியார் ஆட்சேபணை கொடுத்த மறுநாள், கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"சரி, காதுல கேக்க வேணாம். கண்ணால படி."

டெஸ்மண்ட் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "எதுவா இருந்தாலும் எழுத்துல அதிகாரிகிட்ட கொடு. அவங்க மத்த காகிதத்தோட சேர்த்துக் கட்டி எனக்கு அனுப்புவாங்க. அதுதான் முறை."

"அதிகாரிகிட்ட கொடுத்தா போதுமா? நீ படிப்பியா?"

"வரிக்கு வரி. தலைவர்னா சும்மாவா?"

"சரி" என்றாள் கிளெனிஸ்.

அந்த வாரங்கள் டெஸ்மண்டுக்கு இன்பமாகவும் இருந்தன, இருப்புக் கொள்ளாமலும் இருந்தன. சட்டம் தந்த மௌனம் மெல்ல வீடு முழுக்கப் பரவியது. கிளெனிஸ் கூரைத் தண்ணீர் வடிகாலைச் சுத்தம் பண்ணச் சொன்னால், "ஏணியில ஏறினா சந்தைத் தெரு தெரியும், பார்த்தா மனசு சாஞ்சிரும்" என்றார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றால், "குழாய்க்காரனோட மச்சான் டாக்ஸி ஓட்டறான், டாக்ஸியும் என் குழுதான்" என்றார். கடைசியில் வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் கையைத் தூக்கிவிட்டு நகர்ந்தார். கிளெனிஸ் ஏதோ எழுதினாள், ஏதோ ஒட்டினாள், செவ்வாய்க்கிழமைதோறும் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு எங்கோ போய்வந்தாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் பேச்சு வளரும்.

ஆனால் உட்கார முடியவில்லை. இப்போது யாரும் காலைத் தூக்கச் சொல்லவில்லை. கால்தான் தானாக ஆடியது. எழுந்து காலண்டரைப் பார்ப்பார். உட்கார்வார். திரும்ப எழுந்து சந்தைத் தெருவுக்குப் போய், கார்பெட் வந்து இறங்கிவிட்டதா என்று பார்ப்பார். அனுமதி கிடைக்காத கடைக்கு எப்படிக் கார்பெட் வரும் என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்புவார். விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால் காகிதக் கட்டு வந்தது. ஐம்பத்திரண்டு பக்கம். டெஸ்மண்ட் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தார். அதில் ஹாலின் வரைபடம் இருந்தது: இங்கே மெஷின், இங்கே நாற்காலி, இங்கே டீ மேசை. மூலையில் சுவரோரமாக இருந்த ஒரு நாற்காலியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார். கதவுக்குப் பக்கமோ என்று அழித்தார். அடுத்ததற்குப் போட்டார். டீ தூரமாகிவிட்டது என்று அதையும் அழித்தார். ஏழு நாளும் இதே வேலை. மற்ற ஐம்பத்தோரு பக்கமும் அச்சான மேனிக்கு, ஒரு கைரேகை படாமல் இருந்தன.

ஒருவழியாக விசாரணைக்குரிய வியாழக்கிழமை விடிந்தது. காலை பத்து மணி. நகர சபைக் கட்டடத்தில் பழைய மேயர்கள் படங்களாகத் தொங்கும் சின்ன அறை. டெஸ்மண்ட் நடுவில் உட்கார்ந்தார். இடப்பக்கம் ஒரு கவுன்சிலர், வலப்பக்கம் ஒரு கவுன்சிலர். மூலையில் ஹிலரி ஸ்டோக் என்ற பெண் கவுன்சிலர். மூன்று பேரில் யாராவது விலக நேர்ந்தால் அந்த இடத்தில் உட்காருவதற்கான மாற்று உறுப்பினர். இரண்டு வருஷமாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து குறுக்கெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறாள். ஒருவரும் விலகிய பாடில்லை.

வக்கீல் நசீம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இன்னிக்கு வர்ற விஷயங்கள்ல உறுப்பினர் யாருக்காவது, இல்லைன்னா அவங்க குடும்பத்துக்கு, சம்பந்தம் இருக்கா? இருந்தா சொல்லிட்டு விலகணும்."

"எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை" என்றார் டெஸ்மண்ட். குரல் மேயர்களின் படத்தில் போய் மோதியது.

நசீம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "தலைவரே, நாற்பத்தேழாம் பக்கம் பார்த்தீங்கல்ல?"

படிக்கவில்லை என்று ஒரு தலைவர் எப்படிச் சொல்வார்? "வரிக்கு வரி."

"அப்ப அதைப் பத்தி…"

"அது வரும்போது பார்த்துக்கலாம். முதல்ல டாக்ஸி."

நசீம் தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக்கொண்டார்.

டாக்ஸி வழக்கு கதவைச் சாத்திக்கொண்டு நடத்துவது. டெரன்ஸ் ஓட்ஸ் என்ற டிரைவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பதினாறு வருஷமாக ஓல்டர்பியில் டாக்ஸி ஓட்டுகிறவர். வேகமாகப் போனதற்காக லைசென்சில் ஒன்பது புள்ளி ஏறிவிட்டது; பன்னிரண்டானால் ஸ்டியரிங்கையே தொட முடியாது. இவரிடம் டாக்ஸி பேட்ஜை விட்டுவைக்கலாமா, பிடுங்கலாமா என்பதே கேள்வி.

"மூணு தடவை, மூணும் செவ்வாய்க்கிழமை, மூணும் பிராங்க்லி ரோட்டுல" என்றார் டெஸ்மண்ட். "அங்க என்னய்யா கொள்ளை போகுது?"

"ஒரு அம்மா, தலைவரே. பத்து மணிக்கு அங்க இருக்கணும். வீட்டுக்காரர் வெளிய கிளம்பினப்புறம்தான் அவங்களால கிளம்ப முடியும். அந்த மனுஷன் ஒரு நாளும் நேரத்துக்குக் கிளம்ப மாட்டார்."

"யாரந்த அம்மா?"

டெரன்ஸ் ஓட்ஸ் அவரைப் பார்த்த பார்வையில் ஏதோ இரக்கம் தெரிந்தது. "அது சொல்லக்கூடாதுங்க. பயணி விஷயம் வண்டியை விட்டு இறங்காது. ஆனா உங்ககிட்ட மட்டும் சொல்லிடலாமான்னு எனக்கே…"

"சொல்லாதே!" டெஸ்மண்ட் மேசையைத் தட்டினார். "கேட்டியா, நசீம்? பேட்ஜே போனாலும் போகட்டும்னு வாயைத் திறக்க மாட்டேங்கறார். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!"

வழக்கமாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நசீம் அதை வாசித்தார். "உறுப்பினர்கள் தங்களையே கேட்டுக்கணும்: உங்க மனைவியை, மகளை, இவர் வண்டியில தனியா அனுப்புவீங்களா?"

"தாராளமா அனுப்புவேன்!" என்றார் டெஸ்மண்ட். "என் மனைவியை இவர்கூட எங்க வேணாலும் அனுப்புவேன்!"

டெரன்ஸ் ஓட்ஸுக்குப் புரையேறியது. தண்ணீர் கொடுத்தார்கள். எச்சரிக்கையோடு விட்டார்கள். பேட்ஜ் தப்பித்தது. டெஸ்மண்ட் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இனி ஒரே ஒரு விஷயம்தான். மேசைக்கடியில் கால் கிடுகிடுவென்று ஆடிற்று.

கதவைத் திறந்தார்கள். இது எல்லாரும் பார்க்கலாம். பாதிரியார் வந்தார், கம்பெனி வக்கீல் வந்தார், அவர்களுக்குப் பின்னால், பச்சைக் கோட்டு, பச்சைக் கழுத்துத்துணி, நெஞ்சில் பளபளவென்று ஒரு வாத்து பேட்ஜ், லிப்ஸ்டிக் சகிதம் கிளெனிஸ் வந்தாள். நேராகக் கம்பெனி வக்கீலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கிளெனிஸ்! இங்க எங்க வந்தே?"

கிளெனிஸ் உதட்டின் மேல் விரலை வைத்தாள். "ஒரு வார்த்தை பேசக்கூடாது, டெஸ்மண்ட். விசாரணை முடியல."

"நசீம், இவ ஏன் அங்க உக்காந்திருக்கா?"

நசீம் பெருமூச்சு விட்டார். "நாற்பத்தேழாம் பக்கம், தலைவரே. ஹால் மானேஜர், பகல் பன்னிரண்டு முதல் மாலை ஆறு வரை, திருமதி கிளெனிஸ் பிக்கர்ஸ்கில். ஐம்பத்தோராம் பக்கத்துல அவங்களே எழுதின கடிதம் இருக்கு. 'குழுத் தலைவர் என் கணவர். அவரிடம் மூன்று முறை சொல்ல முயன்றேன். எழுத்தில் கொடுக்கச் சொன்னார்.' நீங்க வரிக்கு வரி படிச்சேன்னு சொன்னதால, இப்ப அறிவிச்சிட்டு விலகுவீங்கன்னு நெனச்சேன்."

"விலகணுமா? நான் சும்மா நடுவுல உக்காந்து…"

"மனைவிக்கு வேலை கொடுக்கற கம்பெனி. நாற்காலியில மட்டும் இல்லை, அறையிலயே இருக்க முடியாது."

ஹிலரி ஸ்டோக் அதற்குள் குறுக்கெழுத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டு டெஸ்மண்டின் பின்னால் வந்து நின்றாள். அவர் எழுந்திருக்கும் முன்பே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி ஆறுவதற்குள் உட்கார்ந்தும்விட்டாள்.

வெளியே நடைபாதையில் ஒரு பெஞ்சுகூட இல்லை. டெஸ்மண்ட் மேலும் கீழும் நடந்தார். கதவில் காதை வைத்தார். நல்ல ஓக் கதவு, ஒன்றும் கேட்கவில்லை. படிக்கட்டில் டெரன்ஸ் ஓட்ஸ் பன்றிக்கறி வைத்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீதான் கூட்டிட்டுப் போனியா?" என்றார் டெஸ்மண்ட்.

"என் கேஸ் முடிஞ்சிருச்சுல்ல, இப்ப சொல்லலாம். ஆமாங்க. இன்டர்வியூவுக்கு ஒரு தடவை, பயிற்சிக்கு மத்த தடவை. நீங்கதானே உள்ள சொன்னீங்க, என்கூட எங்க வேணாலும் அனுப்புவேன்னு?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாயைத் திறந்தேன். மேசையைத் தட்டினீங்க." ரொட்டியை இன்னொரு கடி கடித்தார். "நல்லா பாடுவாங்க உங்க வீட்டம்மா."

"கிளெனிஸா? பாட்டா?"

"போகும்போது பாடத்தை ஒப்பிச்சுக்கிட்டே வருவாங்க. திரும்பும்போது பாட்டு. அந்த மலை ரோடு முழுக்க."

டெஸ்மண்ட் நடப்பதை நிறுத்தினார். முப்பத்தெட்டு வருஷத்தில் கிளெனிஸ் பாடி அவர் கேட்டதில்லை. நடு நாற்காலி கைவிட்டுப் போனதைவிட இது அவருக்கு வலித்தது. ஒரு டாக்ஸி கேட்டிருக்கிறது, அவர் கேட்கவில்லை.

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. பாதிரியார் வருத்தமாகப் போனார். ஹிலரி ஸ்டோக் மூன்று அங்குலம் வளர்ந்திருந்தாள். அனுமதி கொடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை திறப்பு. கிளெனிஸ் கழுத்துத்துணியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள், பின்னால் நசீம் வந்தார்.

"ஏன் கிளெனிஸ்? இந்த வயசுல உனக்கு எதுக்கு வேலை?"

"எதுக்கா? நீ ரிட்டயர் ஆனதுலேர்ந்து என்னால வீட்ல அஞ்சு நிமிஷம் இருக்க முடியல. எந்த ரூமுக்குப் போனாலும் நீ உக்காந்திருக்கே. கூட்ட வந்தா காலை நீட்டிக்கிட்டு இருக்கே. எனக்கும் போக ஒரு இடம் வேணாமா?"

டெஸ்மண்டுக்கு ஆனாலும் ஒரு நப்பாசை. "அப்ப… நான் எப்பவாவது மத்தியானம் அங்க வந்து, ஒரு ஓரமா ஒரு டீ…"

"ஊழியர் வீட்டு ஆளுங்க உள்ள வரக்கூடாது. கம்பெனி ரூல். கதவுகிட்ட உன் போட்டோ இருக்கும்."

அவ்வளவுதான். கார்பெட் போயிற்று, ஜன்னல் இல்லாத சுவர் போயிற்று, சிரித்த முகம் போயிற்று. டெஸ்மண்டின் தோள் இறங்கியது. இறங்கிய தோள் பாதி வழியில் நின்றது. பகல் பன்னிரண்டு முதல் மாலை ஆறு வரை கிளெனிஸ் அங்கே இருந்தால், வீட்டில் யார் இருப்பார்கள்? யாரும் இல்லை! வாக்குவம் கிளீனர் அலமாரிக்குள் கிடக்கும். ஆறு மணி நேரம். சொந்த நாற்காலி. சொந்த டீ. இத்தனை நாள் ஊரெல்லாம் தேடிய இடம் வீட்டுக்குள்ளேயே முளைத்துவிட்டது! அவர் முகம் விரிந்து காது வரை போயிற்று.

"வாழ்த்துக்கள் கண்ணு! நல்லா வேலை பண்ணு. என்னைப் பத்திக் கவலையே படாதே. ஞாயித்துக்கிழமைகூடப் போயேன்."

கிளெனிஸ் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "வீடு காலியா இருக்கும்னு சந்தோஷமா?"

"சேச்சே. உன் சந்தோஷம்தான் என் சந்தோஷம்."

"காலியா எங்க இருக்கும்? எங்கக்கா இனிட் வர்றால்ல, திங்கக்கிழமை. நம்மளோடதான் இருக்கப்போறா."

இனிட் முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டை ஆண்டவள். பகலில் சாய்ந்திருக்கிறவன் நோயாளியாக இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. நோயாளி இல்லையென்றால் கூடிய சீக்கிரம் ஆக்கிவிடுவாள்.

"இனிட்டா! என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?"

"எப்படிக் கேக்கறது? வாயைத் திறந்தா கையைத் தூக்கறே. அதான் முறைப்படி பண்ணினேன். 'இனிட் இங்கே வந்து தங்க உத்தேசம், ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்தில் தெரிவிக்கவும்'னு ஃப்ரிட்ஜ் கதவுல நோட்டீஸ் ஒட்டினேன். இருபத்தெட்டு நாள். தினமும் அதைத் திறந்து பால் எடுத்தே, டெஸ்மண்ட்."

டெஸ்மண்ட் வக்கீல் பக்கம் திரும்பினார். "நசீம், இது அநியாயம். நான் ஆட்சேபிக்கிறேன். இப்பவே விசாரணை வைக்கணும்."

நசீம் கிளெனிஸைப் பார்த்தார். "எப்ப ஒட்டினீங்க?"

"நேத்தோட கெடு முடிஞ்சது."

நசீம் பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"ஆட்சேபணை வரலைன்னா விசாரணையே கிடையாதே, தலைவரே."